மூன்று தீவுகளின் வெயில் கணக்கு

பொழுது பட்டு முக்கால் மணிநேரம். நெடுந்தீவின் மேற்குக் கரையில் வானம் இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை. தென்மேற்கே கடலுக்கு மேல் ஒரு வெளிச்சப் புள்ளி எழும்புகிறது. விமானம் இல்லை, விட்டுவிட்டு மின்னவில்லை, சத்தமும் இல்லை. வெள்ளியைவிடப் பிரகாசமாக உச்சிவானம் ஏறி, பனங்கூடலுக்கு மேலாக வடகிழக்கே இறங்கத் தொடங்கும்போது சிவந்து, மங்கி, பாதி வானத்திலேயே அணைந்துபோகிறது.

அது சர்வதேச விண்வெளி நிலையம். நமக்கு மேலே சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் அந்தக் கலத்தின் பெரிய சூரியச் சிறகுகளிலும் உடலிலும் பட்டுத் தெறிக்கும் வெயிலைத்தான் நாம் பார்க்கிறோம். நமக்குச் சூரியன் மறைந்துவிட்டது. அந்த உயரத்தில் இன்னும் மறையவில்லை. பூமியின் நிழலுக்குள் அது நுழையும் இடத்தில் புள்ளி அணைகிறது. அந்தக் கணத்தில் சிறகுகள் தரும் மின்சாரம் பூச்சியமாகிறது. உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்று முதல் கணினி வரை எல்லாமே பற்றரிக்கு மாறுகின்றன.

கீழே, தீவின் மின்நிலையத்தில் டீசல் மெசின் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு இடத்துக்கும் வெளியிலிருந்து மின்கம்பி வராது. காரைநகரும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணக் குடாநாட்டோடு இணைந்தவை. தேசிய மின்வலையும் அவற்றைத் தொட்டுவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நாலும் கடலுக்கு அப்பால் தனித்தவை. எரிக்கும் ஒவ்வொரு லீற்றர் டீசலும் கடல் கடந்தே வரவேண்டும். 2022இல் நாடு முழுதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது, படகுக்கும் விளக்கிற்கும் ஒரே டீசலை நம்பியிருந்த தீவார் பட்ட பாடு யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரியன், காற்று, பற்றரி மூன்றையும் சேர்த்த மின்திட்டம் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: சீனாவா, இந்தியாவா? தீவில் குடியிருப்பவருக்கு அதைவிடப் பெரிய கேள்விகள் இருக்கின்றன. மின்சாரம் எந்த நேரத்தில் கிடைக்கும், எதற்குப் போதும், பழுதானால் யார் வருவார்? இந்தக் கேள்விகளை அறுபது வருடங்களுக்கும் மேலாகக் கேட்டுக் கேட்டுத் தேறிய ஒரு துறை உண்டு. விண்கலங்களுக்குச் சூரிய மின்சாரம் வடிவமைப்பவர்களின் துறை அது.

நிழலில் இருந்து தொடங்கும் கணக்கு

இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்க என்ற இரு இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கியது. 2019 ஏப்ரல் 17ஆம் திகதி ஏவப்பட்டு, ஜூன் மாதம் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கனசதுரம், ஒரு கிலோவுக்குச் சற்றே கூடிய எடை. உடலின் பக்கங்களில் ஒட்டிய சூரியக் கலங்களே அதற்கு உணவு. இந்த அளவுள்ள செய்மதிக்குச் சராசரியாக ஒன்றிரண்டு வாற் மட்டுமே கிடைக்கும். கமராவும் வானொலியும் கணினியும் அந்த ஒன்றிரண்டு வாற்றைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட கலத்தை வடிவமைக்கிறவர் வெயிலிலிருந்து கணக்கைத் தொடங்குவதில்லை. நிழலிலிருந்து தொடங்குகிறார். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு சுற்றுக்கு சுமார் 92 நிமிடம். அதில் 36 நிமிடம் வரை பூமியின் நிழல். மிச்சமுள்ள 56 நிமிடத்துக்குள் அன்றாட வேலையையும் ஓட்டி, அடுத்த நிழலுக்கான மின்சாரத்தையும் பற்றரியில் நிரப்பியாக வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து பதினாறு தடவை இப்படி. வருடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு தடவையும் பற்றரியை அடிவரை வற்ற விட்டால் அது சீக்கிரம் செத்துப்போகும். ஆகையால் மேலாக எடுத்து மேலாக நிரப்புவார்கள். அடுத்தது வயது. கதிர்வீச்சில் சூரியக் கலங்கள் வருடாவருடம் நொந்துபோகும் என்பதால், முதல் நாள் என்ன தரும் என்று பார்க்காமல், கடைசி வருடத்தில் என்ன தரும் என்று பார்த்துத்தான் சிறகின் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

இந்த மூன்றாவது பழக்கத்தை, அதாவது கடைசி வருடத்தை முதலில் பார்ப்பதை, நம் நாட்டின் அபிவிருத்தித் திட்டங்கள் எதிலும் நான் கண்டதில்லை.

குவித்துப் பிடிக்கும் ஆசை

சூரியக் கலம் முன்பு விலை கூடியது. விண்வெளித் தரத்திலான கலம் பல மடங்கு விலை. அப்படியானால் கலத்தைக் குறைத்து, வெயிலைக் கூட்டினால் என்ன? பூதக்கண்ணாடியால் கடதாசியைச் சுட்ட எந்தச் சிறுவனுக்கும் வரும் யோசனைதான். முன்னால் ஒரு வில்லையோ பக்கத்தில் ஒரு கண்ணாடியோ வைத்தால், பெரிய பரப்பின் வெயில் சின்னக் கலத்தில் வந்து குவியும்.

நாசா இதைச் செய்தே பார்த்தது. 1998 ஒக்ரோபர் 24ஆம் திகதி புறப்பட்ட டீப் ஸ்பேஸ்-1 கலத்தில் ஸ்கார்லெட் என்ற சூரியச் சிறகு இருந்தது. 720 வில்லைகள் வெயிலை ஏறத்தாழ ஏழு மடங்கு குவித்து, ஒடுங்கிய கலங்களின் மேல் கோடாக விழுத்தின. பூமிக்கு அருகில் சுமார் 2,500 வாற். அந்த மின்சாரத்தில் அயன் எந்திரத்தை ஓட்டி, 2001 செப்ரெம்பரில் பொரெலி என்ற வால்வெள்ளியை நெருங்கிப் படம்பிடித்தது கலம். வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் இன்னொரு பாதை சறுக்கியது. போயிங் நிறுவனம் தன் 702 ரகத் தொலைத்தொடர்புச் செய்மதிகளில் சிறகின் இரு பக்கமும் சாய்வாகக் கண்ணாடிப் படலங்களை வைத்தது. அந்த ரகத்தின் முதல் செய்மதி 1999 டிசம்பரில் போனது. மேலே போன பின் கண்ணாடிகளின் மேல் மெல்லிய படிவு ஏறி அவை மங்கத் தொடங்கின. மின்சாரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. காப்புறுதிக் கோரிக்கைகள் எழுந்தன. பின்னர் வந்த செய்மதிகளில் கண்ணாடியைக் கைவிட்டார்கள். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் துணியால் துடைக்க ஆள் இல்லை.

> பெட்டிச் செய்தி: தூரம் கூடினால்
>
> பூமி அருகே விண்வெளியில் ஒரு சதுர மீற்றரில் விழும் வெயில்: சுமார் 1,361 வாற். வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவது, தெளிந்த நண்பகலில், ஏறத்தாழ 1,000 வாற்.
>
> வியாழன் கிரகத்தருகே: சுமார் 50 வாற். பூமியில் கிடைப்பதன் 27இல் ஒரு பங்கு.
>
> 2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோ கலம் குவிப்பான் எதையும் நம்பவில்லை. மூன்று நீண்ட தட்டைச் சிறகுகளை விரித்தது. பூமியருகே 14 கிலோவாற் அளவில் தரக்கூடிய அவை அங்கே தருவது 500 வாற் அளவில்தான்.
>
> 2021 நவம்பரில் ஏவப்பட்ட டார்ட் கலம், குறுங்கோள் ஒன்றில் மோதப் போகும் வழியில், வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளோடு கூடிய சிறு சிறகுப் பகுதி ஒன்றையும் சோதித்துப் பார்த்தது.

குவிப்பதில் இரண்டு இடைஞ்சல்கள் கூடவே பிறந்தவை. சூரியனை நேர்க்கு நேர் பார்த்தபடி நிற்க வேண்டும். ஓரிரு பாகை விலகினாலே வெளிச்சக் கோடு கலத்தை விட்டு நழுவிவிடும். அடுத்தது சூடு. குவிந்த வெயில் கலத்தைக் காய்ச்சும். வெற்றிடத்தில் காற்று இல்லை, வெப்பத்தைக் கதிராக மட்டுமே வெளியேற்ற முடியும். சூடேறிய கலமோ குறைவாகத்தான் மின்சாரம் தரும்.

தரையிலும் குவிப்பான்கள் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லின் சோலர் கிச்சன் கூரையில் 15 மீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அது குவிக்கும் வெயிலில் நீராவி உண்டாக்கி நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பதற்காக அமைத்தார்கள். அப்படியென்றால் நெடுந்தீவில் ஏன் கூடாது என்று ஒருவர் கேட்கலாம். கண்ணாடியும் வில்லையும் குவிப்பது நேராக வரும் கதிரை மட்டுமே. முகிலிலும் கடல் ஆவியிலும் சிதறி வரும் வெளிச்சம் அவற்றுக்குப் பயன்படாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை மூட்டம் கட்டும் வானத்தின் கீழ், அலைத்தூறல் எந்நேரமும் உப்பைக் கொண்டுவந்து பூசும் கரையில், கண்ணாடி மங்கும். தட்டைப் பனல் சிதறிய வெளிச்சத்தையும் தின்னும். கழுவி விட்டால் திரும்ப வேலை செய்யும். தீவுகளுக்குத் தட்டைப் பனலே சரி.

டில்லி, பெய்ஜிங், கொழும்பு

மூன்று தீவுத் திட்டத்தின் பின்கதை சுருக்கமாக. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஒரு சிறு கலப்பு மின்திட்டம் முன்னோடியாக அமைந்தது. அடுத்த கட்டமாக மற்ற மூன்று தீவுகளுக்கும் அதே வங்கியின் நிதியில் விலைமனு கோரப்பட்டு, 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தியாவின் இராமேஸ்வரம் நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாக வேலை நிறுத்தப்படுவதாக 2021 டிசம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரைச் சேர்ந்த யூ சோலர் நிறுவனத்தோடு வேலைக்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது. கடனாக இருந்திருக்க வேண்டியது இந்தியாவின் நன்கொடையாக மாறியது. அந்த வருட டிசம்பரில் இரு நாடுகளும் டில்லியில் வெளியிட்ட கூட்டறிக்கையிலும் மூன்று தீவுத் திட்டம் இடம்பெற்றது.

> பெட்டிச் செய்தி: திட்டத்தின் அளவு (மூன்று தீவுகளுக்கும் சேர்த்து)
>
> சூரிய மின்சாரம்: 1,700 கிலோவாற்
> காற்று மின்சாரம்: 530 கிலோவாற்
> பற்றரிச் சேமிப்பு: 2,400 கிலோவாற் மணி (அதாவது 2,400 யூனிற்)
> துணைக்கு டீசல்: 2,500 கிலோவாற்
> இந்திய நன்கொடை: 1 கோடி 10 இலட்சம் அமெரிக்க டொலர்

நண்பகலில் மிஞ்சும் மின்சாரம்

பெட்டியில் உள்ள இலக்கங்களை விண்கலக்காரர் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்ப்போம். நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாற் பனல் நாலு யூனிற் தரும் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டாலும், 1,700 கிலோவாற்றுக்கு 6,800 யூனிற். பற்றரியில் அடங்குவது 2,400. பகலில் பிறக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இரவுக்கு எடுத்துவைக்கலாம். மிச்சத்தைப் பகலிலேயே செலவழிக்க வேண்டும்; செலவழிக்க ஆளில்லையென்றால் பனலை மட்டுப்படுத்தி வெயிலை வீணாக்க வேண்டும்.

இரவுப் பக்கத்தையும் பார்க்கலாம். மூன்று தீவும் சேர்ந்து இரவில் 200 கிலோவாற் இழுத்தால் 2,400 யூனிற் பன்னிரண்டு மணிநேரம் தாங்கும். 400 இழுத்தால் ஆறு மணிநேரம். பற்றரியின் ஆயுளை எண்ணி அடியில் கொஞ்சம் விட்டுவைத்தால் இன்னும் குறையும். விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் எரியும் முன்னிரவில் நேரம் எப்படிக் கரையும் என்பது தெரிந்ததே. காற்று கைகொடுக்கும் நாட்கள் உண்டு. சோழகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை காற்றாடிகள் இரவிலும் சுழலும். வாடைக்காற்று காலத்தில் வெயில் குறைய, காற்று ஓரளவு ஈடுசெய்யும். இரண்டும் படுத்துவிடும் நாட்களும் உண்டு. டீசலை முற்றாக எடுத்தெறியாததற்கு அதுதான் காரணம்.

ஆக, திட்டத்தின் பலன் தீவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பனலின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிக்காது. காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை தீவு என்ன வேலை செய்யும் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கும். செய்மதியைப் பூமியிலிருந்து ஓட்டுபவர்களுக்கு இது பால பாடம்: மின்சாரம் கூடத் தின்னும் கருவியை வெயிலில் இருக்கும்போது போடு, நிழலில் அணை.

முதலில் ஐஸ். தீவின் கடற்றொழிலாளி பிடித்த மீனை வைத்திருக்க வழியில்லாமல் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறான், அல்லது கரையிலிருந்து ஐஸ் எடுத்துப் போகிறான். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஒரு மணிநேரம், வெயிலில் பாதி ஐஸ் தண்ணீராகும். ஒரு தொன் ஐஸ் ஆக்க 60 முதல் 80 யூனிற் போதும். மத்தியானத்தில் மிஞ்சும் மின்சாரத்தில் நாளுக்குப் பல தொன் ஆக்கலாம். ஐஸ் என்பதே சேமித்துவைத்த மின்சாரம்தான். அதற்குப் பற்றரி வேண்டாம், நல்ல தெர்மோகோல் சுவர் போதும்.

அடுத்தது தண்ணீர். நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில இடங்களில் மட்டுமே. கோடையில் பெண்கள் குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதைத் தீவில் ஒரு நாள் தங்கினாலே கண்ணால் காணலாம். கடல் நீரை நன்னீராக்கும் சிறிய நிலையங்களில் ஆயிரம் லீற்றருக்கு நாலு முதல் ஆறு யூனிற் வரை போகும். 600 யூனிற் ஒதுக்கினால் ஒரு இலட்சம் லீற்றர். அந்த யந்திரம் இரவில் ஓடத் தேவையே இல்லை. பகலில் ஓடித் தாங்கியை நிரப்பிவிட்டால் இரவில் குழாய் தன்பாட்டில் ஓடும்.

வைத்தியசாலையின் கணக்கு வேறு. தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டிக்கு நண்பகலும் நள்ளிரவும் ஒன்றே. பாம்புக் கடிக்கு மருந்து ஏற்றும் அறையில் விளக்கு ஒரு நிமிடமும் அணையக் கூடாது. விண்கலத்தில் மின்சாரம் குறையும்போது எதை முதலில் அணைப்பது, எதைக் கடைசி வரை விடாமல் வைத்திருப்பது என்று முன்கூட்டியே வரிசை எழுதிவைத்திருப்பார்கள். தீவுகளுக்கும் அப்படி ஒரு வரிசை எழுதப்பட வேண்டும். அதில் வைத்தியசாலை முதலில் நிற்க வேண்டும். தீவார் கண்ணில் படும்படி பிரதேச செயலகத்தில் தொங்க வேண்டும்.

நயினாதீவுக்கு இன்னொரு சிக்கல். நாகபூசணி அம்மன் கோவில் மகோற்சவம் ஆனி மாதத்தில். சின்னத் தீவில் ஆயிரமாயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். அதே தீவின் பௌத்த நாகதீப விகாரைக்கு வருவோர் தனி. அலங்கார விளக்கு, ஒலிபெருக்கி, அன்னதானச் சமையல், குடிதண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில், அதுவும் இரவில். சாதாரண நாளுக்கு அளந்த பற்றரி அந்தத் திருவிழா நாட்களைத் தாங்காது. நல்லவேளை, அது சோழகக் காலம். காற்றாடியும் பகல் வெயிலும் சேர்ந்து பற்றரியை ஓரளவு நிரப்பிவைக்கும், மிச்சத்துக்கு டீசல். திருவிழாவுக்கு டீசல் எரிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மற்ற முந்நூற்றைம்பது நாளும் எரிப்பதுதான் வலி. நாடு முழுதும் ஒரே கட்டணம் என்பதால் டீசல் மின்சாரத்தின் உண்மை விலை தீவாரின் பில்லில் தெரிவதில்லை. அந்த நட்டத்தை மின்சார சபை சுமக்கிறது, கடைசியில் நாம் எல்லாரும் சுமக்கிறோம்.

துடைக்க ஆள் இருக்கும் இடம்

2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் கலத்தின் பனல்களுக்கு ஒரு குறையும் இல்லை. பதினாலு நாள் நீளும் சந்திர இரவின் குளிருக்குப் பின் சூரியன் திரும்பி வந்தபோது கலம் எழும்பவில்லை. அந்தக் குளிரைத் தாங்கும் வசதி அதற்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு சந்திரப் பகலுக்குத்தான் அது வடிவமைக்கப்பட்டது, அந்தப் பகலை முழுதாக வேலை செய்து முடித்தது. விண்வெளி நிலையமோ வேறு கதை. அதன் பழைய நிக்கல்-ஹைட்ரஜன் பற்றரிகளை 2017 முதல் 2021 வரை விண்வெளி வீரர்களே வெளியே போய்க் கழற்றி, லிதியம் பற்றரிகளைப் பூட்டினார்கள். பற்றரி மாற்றக் கைகள் இருந்ததால் நிலையம் தொடர்ந்து ஓடுகிறது.

தீவுகள் இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். அதற்கான கைகள் தீவிலேயே இருக்க வேண்டும்.

இந்தக் கடற்கரையில் எது முதலில் பழுதாகும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பனலின் கண்ணாடி இருபது வருடம் நிற்கும். அதைத் தாங்கும் சட்டத்தின் ஆணி ஐந்து வருடத்தில் துரு ஏறும். உப்பு ஈரம் இன்வேர்ட்டர் பெட்டிக்குள் புகுந்து குளிர்விக்கும் விசிறியை இறுக்கும். காகமும் கடற்புள்ளும் எச்சமிடும். ஒரு பனலின் மூலையில் படிந்த எச்சம், அதே வரிசையில் கோத்த மற்றப் பனல்களின் மின்சாரத்தையும் இழுத்துக் குறைக்கும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே பனலைப் பத்துப் பாகை அளவில்தான் சாய்க்கிறோம். அந்தச் சாய்வில் மழைத் தண்ணீர் கீழ் விளிம்பில் தேங்கி, காய்ந்து, சட்டத்தோடு ஒரு கறைக் கோடு விடும். மாதத்துக்கு ஒருமுறை நன்னீரால் அந்தக் கோட்டைக் கழுவாவிட்டால் கீழ் வரிசைக் கலங்கள் நிழலில் கிடக்கும். நன்னீர் அருமையான தீவில் அதற்கான தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் படகேறி வந்து செய்வார் என்று எதிர்பார்த்தால் நடக்கப்போவது ஒன்றுதான். ஒரு இன்வேர்ட்டர் நிற்கும். உதிரிப்பாகம் வரும்வரை டீசல் ஓடும். பாகம் வரப் பிந்தும். டீசல் ஓடிக்கொண்டே இருக்கும். துணைக்கென்று வைத்த 2,500 கிலோவாற் டீசல், சூரியனும் காற்றும் சேர்ந்த கொள்ளளவைவிடப் பெரியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். விளக்கு அணையாது என்பதால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். வெயில் மின்சாரம் செத்தது ஊருக்கே தெரியாமல் போகக்கூடிய வடிவமைப்பு இது. என் பெரிய பயம் இதுதான்.

தடுக்க முடியும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே மாவட்டத்தில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் தொழில்நுட்பப் பயிற்சி தருகிறது. தீவுக்கு நாலு பேர் வீதம் பன்னிரண்டு இளைஞர், யுவதிகளை அங்கே அனுப்பிப் பயிற்றி, நிரந்தரச் சம்பளத்தோடு தீவிலேயே வைத்திருப்பதற்கான செலவு ஒரு கோடிப் பத்து இலட்ச டொலர் திட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு. உதிரி இன்வேர்ட்டரும் பற்றரித் தொகுதிகளும் ஒவ்வொரு தீவிலும் பூட்டிய அறையில் முதல் நாளே இருக்க வேண்டும். மின்நிலைய வாசலில் ஒரு பலகை வேண்டும்: நேற்று வெயிலில் எத்தனை யூனிற், காற்றில் எத்தனை, டீசலில் எத்தனை. மூன்றாவது இலக்கம் ஒரு வாரம் தொடர்ந்து ஏறினால், கடைக்குப் போகிற வழியில் அதைப் பார்க்கும் எவரும் மின்சார சபையிடம் காரணம் கேட்கலாம்.